டிக்கெட் கொடுப்பவளின் குரல்

அந்தத் தொடரின் பெயர் இருபது வருடங்களுக்கு மேல் எனக்குத் தெரியாமலே இருந்தது. நாங்கள் டிவியைப் போடும்போது பெயர் ஓடி முடிந்திருக்கும். வசனத்துக்குக் கீழே வரும் எழுத்துகளோ அரபி. குவைத்தில் ஒரு ஹோட்டலின் லாண்டரியில் நான் வேலை பார்த்த காலம் அது. ஈரப் படுக்கை விரிப்புகளைப் பெரிய இஸ்திரி மிஷினுக்குள் ஒருவர் விடுவார், மறுபக்கம் ஒருவர் சூடு பறக்க அவற்றை வாங்கி மடிக்க வேண்டும். மடிப்பது என் வேலை. உள்ளே விடுகிறவர் புனலூர்க்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவரை நான் சேட்டா என்பேன். அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை, ஊர்ப்பெயர்தான். அவர் என்னை "தென்காசி" என்பார்.

எங்கள் அறையில் எட்டுப் பேர். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டதும் மற்றவர்கள் ஊர்க்காரர்களைப் பார்க்க நகரத்துக்கு பஸ் ஏறிவிடுவார்கள். சேட்டாவுக்குக் கூட்டம் பிடிக்காது. நான் போய்ச் சேர்ந்த புதிது, தெரிந்தவர்கள் இல்லை. அதனால் நாங்கள் இருவர் மட்டும் அறையில் கிடப்போம். யாரோ ஊர் போகும்போது விட்டுப்போன ஒரு டிவி இருந்தது. அதில் வெள்ளி மதியம் ஒரு பழைய இங்கிலீஷ் தொடர் வரும். கறுப்பு வெள்ளை.

ஒரு ஒற்றனின் கதை. மலை நடுவே ஒரு சின்ன ஊர். ஒவ்வொரு வாரமும் அந்த ஊர் ஸ்டேஷனில் ரயில் நிற்கும், தொப்பி வைத்த ஒருவன் பெட்டியோடு இறங்குவான். போன வாரம்தான் வந்துபோனான் என்று நமக்குத் தெரியும். ஊரில் யாருக்கும் அவனைத் தெரியாது. ஒரு வாரம் அவன் முடிதிருத்துகிறவன், அடுத்த வாரம் பியானோ ரிப்பேர் செய்கிறவன், அதற்கடுத்த வாரம் தோட்டக்காரன். ஹோட்டலில் அவன் சாப்பிட உட்கார்ந்தால் மூடிய தட்டு ஒன்று வரும். மூடியைத் திறந்தால் உள்ளே டெலிபோன் இருக்கும். எடுத்துக் காதில் வைத்துக் கேட்டுக்கொள்வான். அந்த ஊர் மேயர் எப்போதும் ஒரு ஏணியின் உச்சிப்படியில் உட்கார்ந்துதான் ஆட்களிடம் பேசுவார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஒற்றன் எதையோ தேடுவான், கிடைக்காது, மறுபடியும் ரயில் ஏறிவிடுவான். ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் பெண் ஒருத்தி மட்டும் அவனை ஒரு பார்வை பார்ப்பாள். அவளுக்கு அவனைத் தெரியும் என்று தோன்றும். அதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

அவர்கள் பேசும் இங்கிலீஷ் எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை. இரண்டு வாரம் சும்மா பார்த்தோம். மூன்றாவது வாரம் மேயர் ஏணியிலிருந்து விரலை நீட்டிப் பேசியபோது, சேட்டா படுத்தபடியே எங்கள் ஃபோர்மேன் குரலில் சொன்னார்:

"லீவு கெடயாது! போய் வேலயப் பாரு!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றிலிருந்து அது எங்கள் தொடர் ஆகிவிட்டது. ஆண்கள் எல்லோருக்கும் சேட்டா பேசுவார். டிக்கெட் கொடுப்பவளுக்கு நான் பேசுவேன், குரலை ஒடுக்கி, கொஞ்சம் மூக்கால். "ஒங்கள எனக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டேன்" என்பது அவளுக்கு நான் வைத்த வசனம். ஒவ்வொரு வாரமும் அதையே வேறு வேறு விதமாகச் சொல்லுவேன். மற்ற ஆறு நாளும் மிஷினின் இரைச்சலில் நாங்கள் ஒரு வார்த்தை பேச முடியாது. அந்த ஒரு மணி நேரம்தான் பேச்சு. அதுவும் எங்கள் பேச்சு இல்லை.

ஒரு வியாழக்கிழமை சேட்டாவை வேறு ஊரில் இருந்த கிளைக்கு மாற்றிவிட்டார்கள். சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை. நான் வேலை முடிந்து வந்தபோது அவர் கட்டிலில் மெத்தை மட்டும் இருந்தது. மறுநாள் டிவியைப் போட எனக்கு மனசு வரவில்லை. அதற்கடுத்த வெள்ளி போட்டபோது அந்த நேரத்தில் டிவியில் யாரோ மீன் சமைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தொடர் முடிந்துவிட்டது. கடைசிப் பகுதியை நான் பார்க்கவில்லை.

அதன்பிறகு பல வருடங்கள் அங்கேயே இருந்தேன். எத்தனையோ சினிமாவும் சீரியலும் பார்த்தாயிற்று, எதுவும் நினைவில் நிற்கவில்லை. இது மட்டும் போகவில்லை. லீவில் ஊருக்கு வந்து தென்காசி ஸ்டேஷனில் பெட்டியோடு இறங்கும்போதெல்லாம் அந்தத் தொப்பிக்காரன் ஞாபகம் வரும். வீட்டில் ஒவ்வொரு லீவுக்கும் எனக்கென்று ஒரு வேலை காத்திருக்கும். ஒரு முறை நான் கட்டட மேஸ்திரிக்கு மேற்பார்வை. ஒரு முறை ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணை. இன்னொரு முறை மகள் கல்யாணத்துக்குப் பந்தி விசாரிப்பு. வேலை முடிவதற்குள் லீவு முடிந்துவிடும். அடுத்த முறை வந்தால் குடத்தின் இடம் மாறியிருக்கும், பக்கத்து வீட்டில் ஆள் மாறியிருக்கும். எனக்கு ஒதுக்கிய அந்த வேலையைத் தவிர வேறு எதிலும் நான் தேவைப்பட மாட்டேன்.

இப்போது ஒரேயடியாக வந்துவிட்டேன். குத்துக்கல்வலசையில் வீடு. எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, கட்டியவர்கள் வெளிநாட்டில். மனைவி பள்ளிக்கூடத்து டீச்சர். காலையில் ஸ்கூட்டரில் போனால் சாயங்காலம்தான் வருவாள். மகள் பெங்களூரில். பகல் முழுக்க வீட்டில் நானும் மின்விசிறியும்தான். அப்படி ஒரு பகலில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் செல்போனில் தட்டினேன்: பழைய ஒற்றன் தொடர், ரயில், ஏணியில் மேயர், தட்டில் டெலிபோன்.

உடனே கிடைத்துவிடவில்லை. பல நாள் தட்டினேன். சொற்களை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் யாரோ என்னைப் போலவே கேட்டிருந்த கேள்வி ஒன்று கண்ணில் பட்டது. சின்ன வயதில் பார்த்த தொடர், பெயர் தெரியவில்லை, ஏணியில் ஒரு மேயர் இருப்பார், யாருக்காவது தெரியுமா? அதற்குக் கீழே பதில் இருந்தது. தொடரின் பெயரும் இருந்தது. நான் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அதற்கென்றே ஒரு குழு இருந்தது. உலகம் முழுக்க ஆட்கள். ஸ்காட்லாந்தில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர், போர்ச்சுகலில் ஒரு நர்ஸ், எங்கேயோ தீவில் ஒரு பாதிரியார். ஒரே சீசனோடு நிறுத்தப்பட்ட தொடர், எடுத்த காலத்தில் யாரும் பெரிதாகப் பார்க்கவில்லையாம். ஆனால் பார்த்தவர்கள் விடவில்லை. மேயர் ஏன் ஏணியில் இருக்கிறார் என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். அரசியல் என்கிறார் ஒருவர். நடிகருக்குக் காலில் அடிபட்டிருந்தது, நிற்க முடியாது என்று உட்காரவைத்தார்கள் என்கிறார் இன்னொருவர். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெரிந்தது. எல்லோரும் அந்தத் தொடரைத் தனியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள், இது என்ன தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் என்று. இவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கம் சொல்லி முடித்துவைத்த கதை என்றால் அன்றைக்கே மறந்துபோயிருக்கும் என்று நர்ஸ் எழுதியிருந்தாள். இது மூடாத கதவு மாதிரி, கடந்து போகும்போதெல்லாம் கண் உள்ளே போய்விடுகிறது என்று. எனக்கு அது சரி என்று பட்டது.

எல்லாப் பகுதிகளையும் ஒருவர் இணையத்தில் ஏற்றி, கீழே இங்கிலீஷ் எழுத்தும் போட்டிருந்தார். நிறுத்தி நிறுத்தி, தெரியாத சொல்லுக்கு அர்த்தம் பார்த்துப் பார்த்து, முதல் முறையாக அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று படித்தேன். மேயர் லீவைப் பற்றிப் பேசவே இல்லை. மழைத்தண்ணீர் வடிகால் பற்றிப் பேசுகிறார். டிக்கெட் கொடுப்பவள் அவனைப் பார்த்து ஒவ்வொரு முறையும் சொல்வது, "தரை ஈரமாக இருக்கிறது, பார்த்துப் போங்கள்." அவ்வளவுதான். முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நான் வைத்த வசனத்தைவிட அது கனமாக இருந்தது. தெரியும் என்று சொல்ல முடியாதவள் வேறு என்னத்தைச் சொல்லுவாள்?

கடைசிப் பகுதியை மட்டும் தொடவில்லை. அதைச் சேட்டாவோடு பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

லாண்டரியில் கூட வேலை பார்த்த ஒருவர் இப்போது பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய் விசாரித்தேன். சேட்டாவின் நம்பர் அவரிடம் இல்லை, அவருக்குத் தெரிந்த கொல்லத்துக்காரர் ஒருவரிடம் இருந்தது. நம்பர் வந்தது. போனில் சேட்டாவின் குரல் மாறாமல் இருந்தது.

"யாரா? தென்காசியா? எடோ, நீ உயிரோட உண்டா!" என்று சிரித்தார். ரப்பர் தோட்டம், இரண்டு பையன்கள், பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி எல்லாம் சொன்னார். சீசனுக்கு வருடா வருடம் குடும்பத்தோடு குற்றாலம் வருவாராம். எத்தனை லீவில் நானும் அவரும் அருகருகே அருவியில் நின்றோமோ. "இந்த தடவ நமக்கு நேரில காணாம், கேட்டோ" என்றார். நான் தொடரைப் பற்றிப் போனில் சொல்லவில்லை. நேரில் காட்டினால்தான் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஆடி பிறந்து சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் போன் செய்தார். ஐந்தருவிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் இறங்கியிருந்தார்கள். நான் பஸ்ஸில் போய் இறங்கினேன். வழி நெடுக வேன்கள், ரம்புட்டான் வண்டிகள், தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு ஈரத்துண்டோடு நடக்கிற ஆட்கள். லாட்ஜ் வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வழுக்கைத் தலைக்காரர் நின்றார். கிட்டே போகும்வரை அது அவர்தான் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு கணம் இருவரும் வேறு யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு கட்டிப்பிடித்தார்.

மருமகள்களிடமும் பேரப்பிள்ளைகளிடமும் "இது தென்காசி, நான் பறஞ்சிட்டில்லே" என்று காட்டினார். பிள்ளைகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடிவிட்டன. நாங்கள் ரோட்டோரக் கடையில் டீ வாங்கிக்கொண்டு தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்தோம். நான் போனை எடுத்தேன். முதல் பகுதியைப் போட்டு அவர் பக்கம் நீட்டினேன்.

"சேட்டா, இது ஞாபகம் இருக்கா?"

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். ரயில் வந்தது. தொப்பிக்காரன் இறங்கினான். ஏணி வந்தது.

"இது எந்தா? பழய சினிமாவா?"

"நம்ம ரூம்ல பாத்தது சேட்டா. வெள்ளிக்கிழம மத்தியானம். நீங்க மேயருக்குப் பேசுவீங்க."

அவர் இன்னும் கொஞ்சம் பார்த்தார். மரியாதைக்குப் பார்க்கிறார் என்று தெரிந்தது. தட்டில் டெலிபோன் வந்தபோது புதிதாகப் பார்க்கிறவரைப் போலச் சிரித்தார்.

"ரூம்ல டிவி உண்டாயிருந்தா?" என்று கேட்டார்.

டீயைக் குடித்தேன். என் முகம் எப்படிப் போனதோ, அவர் என் முழங்கை மேல் கை வைத்தார்.

"தென்காசி, கோவப்படாத. நீ பெண்ணுங்க கொரல்ல எந்தோ பேசுவே. அது ஓர்ம உண்டு. நான் சிரிப்பேன். எதுக்குப் பேசினே, எதுக்குச் சிரிச்சேன், ஒண்ணும் ஓர்மயில்ல. அந்த வருஷம் முழுசும் எனக்கு அப்படித்தான்."

"ஏன் சேட்டா?"

"எங்க அம்ம போனது அப்பத்தானே."

எனக்குத் தெரியாது என்றேன். ஆருக்கும் தெரியாது என்றார். ஊரிலிருந்து தகவல் வந்ததும் ஃபோர்மேனிடம் போய்க் கேட்டிருக்கிறார். ஹோட்டல் நிறைய ஆட்கள், மிஷினுக்கு மாற்று ஆள் இல்லை, லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மறுபடி கேட்டதற்கும் அதே பதில். அறையில் யாரிடமும் அவர் சொல்லவில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க எல்லாரும் வந்து பக்கத்தில இருப்பீங்க. நான் அழுவேன். அழுதா பின்ன மறுநாள் எப்படி மிஷின்ல நிக்கிறது?"

போனில் மேயர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் அதை அணைத்துப் பையில் வைத்தேன். வாராவாரம் அந்த ஏணி மனிதனுக்கு அவர் கொடுத்த குரலும், அதைக் கேட்டு நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவருக்கு மறந்துபோனதை நான் எதற்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்?

"வா, குளிக்காம்" என்று எழுந்தார்.

போலீஸ்காரர் வரிசையைக் கம்பால் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ஜட்டியும் துண்டுமாக வரிசையில் நின்று அருவிக்குள் போனோம். தண்ணீர் தலையில் மொத்தென்று இறங்கியது. சேட்டா என் பக்கம் திரும்பி வாயைத் திறந்து ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஏதோ சொன்னேன். அவரும் தலையை ஆட்டினார். பின்னால் இருந்தவர்கள் தள்ளத் தள்ள நகர்ந்து வெளியே வந்தோம். குளிரில் நடுங்கிக்கொண்டே துவட்டிக்கொண்டோம். மதியம் அவர்களோடு சாப்பிட்டேன். மூன்று மணி வாக்கில் நேந்திரம் சிப்ஸ் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்து அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்து ஈரத்துண்டை உலர்த்திவிட்டு உட்கார்ந்தேன். இனி காத்திருக்க யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டிவியோடு போனை இணைத்துக் கடைசிப் பகுதியைப் போட்டேன்.

பாதியில் மனைவி பள்ளியிலிருந்து வந்தாள். மழைக்கோட்டை வெளியே தொங்கவிட்டாள், கைகால் கழுவினாள், அவரைக்காயும் முறமுமாக வந்து என் பக்கத்துச் சோபாவில் உட்கார்ந்து நாரெடுக்க ஆரம்பித்தாள்.

"என்னத்தப் பாக்குதிய?"

சொன்னேன். குவைத்தில் பார்த்த தொடர், இது கடைசி, இத்தனை வருடமாகப் பார்க்காதது என்று. அவளிடம் இதைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. லீவில் வந்த நாட்களில் இதைச் சொல்ல நேரம் எங்கே இருந்தது? அவள் இவன் யார், இது எந்த ஊர் என்று கேட்கக் கேட்க நான் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே காயை ஆய்ந்தாள்.

கடைசிப் பகுதியில் அந்த ஒற்றன் ஊரில் யாரிடமும் எதுவும் தேடவில்லை. ஸ்டேஷனிலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ரயில் வந்து நிற்கிறது. டிக்கெட் கொடுப்பவள் தன் அறையைவிட்டு வெளியே வருகிறாள். அவளுக்குக் கால் உண்டு என்பதே அன்றைக்குத்தான் நமக்குத் தெரிகிறது, அதுவரை சின்ன ஜன்னலுக்குப் பின்னால் முகம் மட்டும்தான். நேரே நடந்து வந்து ரயிலில் ஏறுகிறாள். வண்டி போகிறது. அவன் எழுந்து போய் அவளுடைய அறைக்குள் உட்கார்ந்துகொள்கிறான். அத்தோடு முடிந்துவிட்டது.

"இம்புட்டுத்தானா?" என்றாள் மனைவி.

"இம்புட்டுத்தான்."

"அந்தப் பொம்பள எங்க போறா?"

"தெரியாது. யாருக்குமே தெரியாது. அவன் ஏன் அங்க உக்காந்தான்னுதான் எல்லாரும் சண்டை போடுதாங்க."

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அவன் உக்காந்தா உக்காந்துட்டுப் போறான். அவ எத்தன வருசமா உக்காந்திருக்கா. வாரவனுக்கும் போறவனுக்கும் சீட்டுக் குடுத்துக்கிட்டு. ஒரு தடவ அவளும்தான் எங்கயாவது போய்ட்டு வரட்டுமே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை, குத்திக்காட்டியும் சொல்லவில்லை. டிவியில் பார்த்ததைப் பற்றிச் சொன்னாள், அவ்வளவுதான். அடுக்களையில் குக்கர் வைக்கும் சத்தம் கேட்டது. நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். இத்தனை காலமும் இறங்குகிறவனும் ஏறுகிறவனும் நான்தான் என்றே நினைத்து அந்தத் தொடரைப் பார்த்திருக்கிறேன். என் பாட்டுக்கு அவனுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வாரம் தவறாமல் அவளுக்குக் குரல் கொடுத்தவன், ஒரு நாளாவது அவள் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. எழுந்து போய் மனைவியிடம் ஏதாவது சொல்லலாம் என்று அடுக்களை வாசல்வரை போனேன். அவள் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அப்பா இருக்காவ, டிவி பாத்துக்கிட்டு இருக்காவ" என்றாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

சேட்டா இப்போது வெள்ளிக்கிழமைகளில் போன் செய்கிறார். அந்தக் கிழமை அவருக்குத் தற்செயலாக அமைந்ததுதான், அன்றைக்குத்தான் அவர் வீட்டில் எல்லோரும் வெளியே போகிறார்களாம். முழங்கால் எப்படி இருக்கிறது, மழை உண்டா, பையன் விசா என்னாயிற்று என்று பேசுவோம். தொடரைப் பற்றி நானும் எடுப்பதில்லை, அவரும் கேட்பதில்லை. அம்மாவைப் பற்றி மட்டும் ஒருமுறை அவராகவே நீண்ட நேரம் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மனைவி சொன்னதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்தக் குழுவில் எழுதினேன். தப்பும் தவறுமாகத்தான் எழுதினேன். டிக்கெட் கொடுப்பவளைப் பற்றி யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று சிலர் எழுதினார்கள். இரண்டு பேர் அதெல்லாம் இல்லை என்று சண்டைக்கு வந்தார்கள். அடுத்த வாரம், அதுவரை அங்கே ஒரு சொல்லும் எழுதியிராத ஒருவர் எனக்கென்று தனியாக எழுதியிருந்தார். எந்த ஊர் என்று சொல்லவில்லை. அவர் மனைவி இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாள் என்றார். அவளோடு அந்தக் கடைசிப் பகுதியை அவர் பார்க்கவே இல்லையாம், அவள் கூப்பிட்டும் போய் உட்காரவில்லையாம். உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தார்.

அவருக்கு நான் அருவியைப் பற்றி எழுதினேன். சீசன் முடிந்துவிட்டது, லாட்ஜுகள் எல்லாம் காலி, குரங்குகள் மட்டும் ரோட்டில் உட்கார்ந்திருக்கின்றன, தண்ணீர் மெலிந்து ஒரு நூல் அளவுக்கு விழுகிறது, இப்போது போனால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், யாரும் தள்ள மாட்டார்கள் என்று.